பள்ளிப் பட்டறையில் ஹாட் ராட்: டி-பக்கெட் கிட்டா, துருப்பிடித்த மாடல் ஏ-வா?

#1 ஆட்டோஷாப் உதவி

வணக்கம். ஓஹாயோவில் ஒரு ஹைஸ்கூல் ஆட்டோ வகுப்பு. ஹாட் ராட் ஒன்று, அதாவது பழைய பாணி பாடியில் பலமான எஞ்சின் ஏற்றிய வண்டி, கட்டப் போகிறோம். 18 மாணவர்கள், தினமும் 90 நிமிடப் பாடவேளை, ஆகஸ்ட் கடைசியிலிருந்து மே வரை. மே மாதம் வண்டி தானே ஓடிப் பட்டறையை விட்டு வெளியே வரவேண்டும். நன்கொடையாக வந்த 1930 மாடல் ஏ ஃபோர்டு பாடி ஒன்று இருக்கிறது, கீழ்ப்பகுதி முழுக்கத் துரு. 90-களின் ஷெவி பிக்கப்பிலிருந்து கழற்றிய 350 கன இஞ்ச் வி8 எஞ்சின் இருக்கிறது. மிக் வெல்டர், இரண்டு லிஃப்ட் உண்டு. கிட் (பாகங்கள் தொகுப்பாக வருவது) வாங்கவும் ஓரளவு பணம் இருக்கிறது. எதை எடுக்கலாம், எந்த வரிசையில் போகலாம்? எதை மாணவர்களிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

#2 பட்டறை வாத்தி

மாடல் ஏ பாடியை ஓரமாக வையுங்கள். அதைத் தொட்டால் வருடம் முழுக்கத் தகடு வெட்டி ஒட்டுவதிலேயே போகும். டிங்கரிங் நல்ல பாடம்தான், ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு பேர் வேலை செய்ய, மீதி 16 பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

டி-பக்கெட் எடுங்கள். மாடல் டி பாடியின் ஃபைபர்கிளாஸ் நகல். திறக்கும் கதவு, கண்ணாடி இறக்கும் பொறி, கூரை எதுவும் இல்லை. 1950-களில் கலிபோர்னியாவில் நார்ம் கிரபவ்ஸ்கி, டாமி ஐவோ கட்டிய வண்டிகளிலிருந்து வந்த பாணி. எஞ்சின், ஸ்டியரிங், ஆக்ஸில் எல்லாமே வெளியில் தெரிவதால் நான்கு குழுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் வேலை பார்க்கலாம். நெப்ராஸ்கா லிங்கனில் உள்ள ஸ்பீட்வே மோட்டார்ஸ் மாதிரிக் கடைகள் இந்தப் பாணி வண்டிக்கான பாகங்களை ரொம்ப காலமாக விற்கின்றன. ஒரு பாகம் உடைந்தால் மாற்று உடனே கிடைக்கும். பள்ளி வண்டிக்கு இதுதான் பெரிய விஷயம்.

90 நிமிடம் என்று கணக்குப் போடாதீர்கள். டூல் எடுக்க 10, கூட்டிப் பெருக்கி டூல் எண்ணி வைக்க 15 போனால் கையில் நிற்பது 65 நிமிடம். அந்த 65-க்குள் முடிகிற துண்டாக ஒவ்வொரு வேலையையும் நறுக்க வேண்டும். "இன்று முன் ஆக்ஸில் மாட்டுகிறோம்" என்பது திட்டமே இல்லை. "இடது கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) புஷ் ஏற்றி, ரீமர் போட்டுத் துளையைச் சரியாக்கி, பின் கையால் அழுத்தினால் இறங்குகிறதா பார்க்கிறோம்" என்பது திட்டம்.

வரிசை: முதலில் பெயின்ட் இல்லாமல் வெறும் இரும்பாக முழு வண்டியையும் கட்டுங்கள். உருளட்டும், ஓடட்டும், நிற்கட்டும். பிறகுதான் பிரித்துப் பெயின்ட். பெயின்ட் அடித்த ஃப்ரேமில் பிராக்கெட் ஒன்று விட்டுப்போனது தெரிந்தால் கிரைண்டரை எடுக்க யாருக்கும் மனசு வராது, உடனே கிளாம்ப் போட்டு ஒப்பேற்றுவார்கள். மார்ச்சில் நேரம் பற்றாவிட்டால் பெயின்ட்டைத்தான் விட வேண்டும், பிரேக் சோதனையை அல்ல.

#3 பிக்கப் பிரியன்

பழைய ஷெவி எஸ்-10 பிக்கப் சேஸி ஒன்று வாங்கி அதன் மேல் அந்த மாடல் ஏ பாடியை உட்கார வைத்தால் செலவு குறையுமே? முன் டிஸ்க் பிரேக், ஸ்டியரிங், பின் ஆக்ஸில் எல்லாம் கம்பெனி அமைப்பாகவே வந்துவிடும்.

#4 மூலைமட்டம்

//கம்பெனி அமைப்பாகவே வந்துவிடும்//

பாதி உண்மை. பிரேக், ஸ்டியரிங் வடிவியலில் கை வைக்காமல் இருக்கும்வரை அது பெரிய லாபம். ஆனா மாடல் ஏ-க்கு வீல்பேஸ் (முன் பின் சக்கர இடைவெளி) 103.5 இஞ்ச், சின்ன எஸ்-10-க்கு 108.3. சேஸியை வெட்டி ஒட்டணும், இல்லன்னா முன் சக்கரம் முன்னாடி தள்ளி நிக்கும். ஃப்ரேமும் பாடியை விட அகலம், அதனால பாடி தரையைப் பூராவும் வெட்டிப் புதுசாப் போடணும். கடைசியில வாத்தி சொன்ன தகடு வேலைக்கே திரும்பி வந்துடுவீங்க. இன்னொரு கல்வியாண்டு கையில இருந்தா செய்யுங்க.

இப்ப டி-பக்கெட் ஃப்ரேம் பத்தி. வழக்கமா 2×3 இஞ்ச் செவ்வகக் குழாய், சுவர் 0.120 அல்லது 3/16 இஞ்ச். வெல்ட் பண்ணின ஃப்ரேமா வாங்கினாலும் வந்த அன்னைக்கே மூலைவிட்டம் ரெண்டையும் அளங்க. வித்தியாசம் 1/16 இஞ்சுக்கு மேல போனா திருப்பி அனுப்புங்க. நீங்களே ஒட்டுறதா இருந்தா:

மட்டமான மேசை வேணும். பட்டறைத் தரை மட்டம்னு நம்பாதீங்க, அது தண்ணி வடிய வாட்டமாப் போட்டிருப்பாங்க. நடுவுல நூல் கட்டி மையக்கோடு போட்டு, எல்லா அளவையும் அந்தக் கோட்டிலிருந்து ரெண்டு பக்கமும் எடுங்க. முதல்ல எல்லா மூட்டுக்கும் டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) மட்டும். மறுபடி மூலைவிட்டம். அப்புறம் 1 இஞ்ச், 1½ இஞ்சா எதிரெதிர் மூலையில மாத்தி மாத்தி. ஒரே மூட்டை ஒரே மூச்சுல சுத்தி முடிச்சா ஃப்ரேம் அந்தப் பக்கம் இழுத்துக்கும், ஆறினதும் திரும்பாது.

வெல்டிங் வயர் ஈஆர்70எஸ்-6, 0.030 அல்லது 0.035 இஞ்ச். காஸ் 75 ஆர்கான், 25 சிஓ2. ஓட்டம் மணிக்கு 20-25 கன அடி. மெல்லிசுக்கு வச்ச செட்டிங்கோட 3/16 தகட்டுக்குப் போறதுதான் மாணவர்கள் அதிகமாச் செய்யுற தப்பு. மேல பார்த்தா அழகா அடுக்கின வெல்ட், உள்ள பிடிக்கவே இல்ல. அதனால தினமும் ஃப்ரேமைத் தொடுறதுக்கு முன்னாடி அதே தடிமன்ல ரெண்டு துண்டை ஒட்டி, வைஸ்ல பிடிச்சு, சுத்தியால மடக்கச் சொல்லுங்க. வெல்ட் தகட்டை விட்டுப் பிரிஞ்சு வந்தா அன்னைக்கு அந்தப் பையனோ பொண்ணோ ஃப்ரேம்ல வெல்ட் பண்ணக் கூடாது. எந்த வாத்தியாரோட பேச்சும் வேண்டாம், அந்தத் துண்டே சொல்லிடும்.

ஆக்ஸில் பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் மவுண்ட், பிரேக் பெடல் மவுண்ட், சீட் பெல்ட் நங்கூரம், இந்த நாலு வெல்டும் சான்று பெற்ற வெல்டர்தான் போடணும். மாணவர்கள் அளந்து, பொருத்தி, டேக் வைக்கலாம்.

ரொம்ப முக்கியம்: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிச்ச இடத்துல வெல்ட் பண்ணாதீங்க. ஆர்க்கோட சூட்டுலயும் ஒளியிலயும் அது ஃபாஸ்ஜீன்கிற விஷ வாயுவா மாறும். அந்த டப்பாவே பட்டறைக்குள்ள வேண்டாம், அசிட்டோன் போதும். அதுவும் பூராக் காய்ஞ்ச பிறகு.

#5 வி8 பித்தன்

எஞ்சின் எந்த ஆண்டு என்று முதலில் பாருங்கள். ஹெட் வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 906 அல்லது 062 என்றால் அது 1996-2000 வோர்டெக் வகை 350. கிடைத்திருந்தால் உங்களுக்கு யோகம். அதில் ரோலர் கேம் இருக்கும், வால்வைத் தூக்கும் கேமின் மேல் உருளை ஓடும். பழைய 350-ல் ஃபிளாட் டாப்பெட் கேம், உருளை இல்லாமல் உரசும். முதல் ஸ்டார்ட்டிலேயே 2000-2500 ஆர்பிஎம்மில் 20-30 நிமிடம் ஓட்டிப் பழக்க வேண்டும், துத்தநாகம் கூடிய ஆயில் வேண்டும். முதல் தடவை ஸ்டார்ட் ஆகாமல் இரண்டு நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தால், கேமின் மேடு தேய்ந்து இரும்புத்தூள் பேரிங் வரை போய்விடும். பள்ளிப் பட்டறையில் முதல் ஸ்டார்ட் ஒரே சொடுக்கில் நடக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அதனால்தான் ரோலர்.

வோர்டெக்கில் கவனிக்க வேண்டியவை: இன்டேக் மேனிஃபோல்டு அதற்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும், பழைய மேனிஃபோல்டின் போல்ட் துளைகள் பொருந்தாது. அந்த போல்ட்டுகளுக்கு 11 அடி-பவுண்டு மட்டுமே. பழைய ஹெட்டுக்கு உரிய 30-ஐப் போட்டால் கேஸ்கெட் நசுங்கி உள்ளே கசியும். 1986 முதல் பின் ஆயில் சீல் ஒரே வளையம், அதற்கான எதிர்எடை உள்ள ஃபிளெக்ஸ்பிளேட்தான், அதாவது கிராங்கின் பின்னால் வரும் பல்தட்டுதான், மாட்ட வேண்டும். பழையதை மாட்டினால் வண்டி முழுக்க அதிரும். டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் ரோலர் கேமுக்கு ஒத்துப்போகும் வகையாக இருக்கட்டும், சாதாரண வார்ப்பிரும்பு கியர் சீக்கிரம் தேயும்.

பிரித்து அளப்பது நல்ல பாடம். போர் 4.000 இஞ்ச். ரிங் இடைவெளி ஒரு இஞ்ச் போருக்கு 0.004 என்று வைத்தால் 0.016. பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளி காட்டும் இழை) வைத்துப் பாருங்கள், 0.0015-க்கும் 0.0025-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மெயின் கேப் 70 அடி-பவுண்டு, கனெக்டிங் ராடு 45, ஹெட் 65. மூன்றையும் மூன்று சுற்றாக, நடுவிலிருந்து வெளியே. ஹெட் போல்ட் மரையில் சீலன்ட் தடவுங்கள், அந்தத் துளைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கின்றன.

ஒருவர் டார்க் ரெஞ்ச் பிடிக்க, இன்னொருவர் 'கிளிக்' கேட்டதும் பெயின்ட் பேனாவால் போல்ட் தலையிலிருந்து ஹெட் வரை ஒரு கோடு இழுக்கட்டும். மணி அடித்துப் பாதியில் ஓடினாலும் மறுநாள் வருபவருக்கு எது முறுக்கியது, எது முறுக்காதது என்று தெரியும். கோடு விலகி நின்றால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டார்ட் பண்ணும் முன் டிரில்லில் பிரைமிங் கம்பி மாட்டி ஆயில் பம்ப்பைச் சுற்றி, எல்லா ராக்கரிலும் ஆயில் வரும்வரை விடுங்கள்.

எஞ்சின் தும்மி, கார்பரேட்டர் வழியாகத் தீ கக்கினால் 10-க்கு 9 தடவை டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கும். கிராங்கின் முன்னால் உள்ள டேம்பர் சக்கரத்தின் கோடு பூஜ்யத்துக்கு வந்தால் மட்டும் போதாது, அது எக்ஸாஸ்ட் முடிவிலும் வரும். 1-ஆம் பிளக்கைக் கழற்றி, துளையில் விரல் வைத்துக் காற்று தள்ளுகிறதா என்று பாருங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. இதில் 5, 7 இரண்டும் அடுத்தடுத்து எரிபவை, பக்கத்துப் பக்கத்திலும் இருப்பவை. அந்த இரண்டு வயரை ஒட்டிக் கட்டினால் பொறி தாவும். இரண்டையும் தள்ளித் தள்ளிக் கட்டுங்கள்.

கார்பரேட்டர் 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று) போதும். 350 கன இஞ்ச் × 5500 ஆர்பிஎம் ÷ 3456 = 557, அதில் 85 சதவீதம் 473. யாராவது 750 தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

#6 ஆட்டோஷாப் உதவி

எண்ணைப் பார்த்தேன், 062. நன்றி சார். கியர்பாக்ஸுக்கு டிஎச்350 ஆட்டோமேட்டிக் கிடைக்கிறது. அதில் என்ன சிக்கல் வரும்?

#7 வி8 பித்தன்

டிஎச்350 நேராகவே பொருந்தும். ஒரே ஒரு இடத்தில்தான் எல்லாரும் உடைப்பார்கள்: டார்க் கன்வெர்ட்டர், எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது. அதைக் கியர்பாக்ஸுக்குள் தள்ளிச் சுற்றும்போது மூன்று தடவை 'டக்'கென்று உள்ளே இறங்க வேண்டும். இரண்டோடு நிறுத்திவிட்டு பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸின் முன்கூடு) போல்ட்டை முறுக்கி இழுத்தால் உள்ளே பம்ப் கியர் உடையும். பெல்ஹவுசிங் கையாலேயே எஞ்சினோடு ஒட்ட வேண்டும். இடைவெளியை போல்ட்டால் இழுத்து மூடவே கூடாது. ஒட்டிய பிறகு கன்வெர்ட்டர் லேசாகச் சுற்றணும், ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் நடுவில் 1/8 முதல் 3/16 இஞ்ச் இருக்கணும்.

டிரைவ்ஷாஃப்ட் இந்த வண்டியில் ரொம்பக் குட்டை. கியர்பாக்ஸ் வெளித்தண்டும் பின் ஆக்ஸிலின் பினியனும் இணைகோடாக இருக்கட்டும், யூ-ஜாயின்ட் கோணம் 3 டிகிரிக்குள். கியர்பாக்ஸுக்குள் நுழையும் ஸ்லிப் யோக்கை முழுக்க உள்ளே தள்ளி, 3/4 முதல் 1 இஞ்ச் வெளியே இழுத்து வைத்து நீளம் அளந்து ஆர்டர் கொடுங்கள். எஞ்சின், பாடி, சீட்டில் இரண்டு பேர் எடை எல்லாம் ஏறின உயரத்தில்தான் அளக்கணும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது அளந்தால் தப்பாகிவிடும்.

#8 லேக்சைடு

எங்கள் மாணவர்கள் வண்டி கட்டி முடிந்தது. 40 மைல் வேகத்தில் சின்னப் பள்ளத்தில் இறங்கினால் முன் சக்கரம் இரண்டும் பட்டென்று உதற ஆரம்பிக்கிறது. வேகம் குறைத்து நிறுத்தினால்தான் அடங்குகிறது. ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அடக்கும் ஷாக்) வாங்கி மாட்டிவிடலாமா?

#9 மூலைமட்டம்

டேம்பர் வேண்டாம், அது நோயை மறைக்கும். இந்த வரிசையில பாருங்க, செலவு இல்லாததிலிருந்து ஆரம்பம்:

டயர் காத்து, பேலன்ஸ். அப்புறம் முன் சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. 'டக் டக்'னா வீல் பேரிங்கோ கிங்பின் புஷ்ஷோ. ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இன்னொருத்தர் ஆட்டினா ரெண்டுல எதுன்னு தெரியும்: ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலைன்னா கிங்பின். அடுத்து டோ-இன் (சக்கரங்களோட முன்விளிம்பு உள்பக்கம் திரும்பியிருக்கிற அளவு), 1/16-லிருந்து 1/8 இஞ்ச். அடுத்து காஸ்டர் (கிங்பின் பின்பக்கம் சாயுற கோணம்), நேர் ஆக்ஸில் வண்டிக்கு 5-லிருந்து 7 டிகிரி. ஆக்ஸிலைப் பிடிக்கிற 4-பார் கம்பியோட முனையைத் திருகித்தான் இதைச் சரி செய்யணும். இடது வலது சமமாத் திருகுங்க, முனையோட மரை போதுமான அளவு உள்ள இருக்கான்னு பாருங்க. டி-பக்கெட்ல முன்பக்கத்தைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினதும் காஸ்டர் தானாவே குறையும். ஃப்ரேம் கட்டுறப்ப 6 வச்சிருப்பீங்க, பெரிய பின் டயர் ஏறினதும் 3-க்கு வந்திருக்கும். பெரும்பாலும் இதுதான்.

குறுக்கு ஸ்டியரிங், அதாவது ஷெவி வேகா காரோட ஸ்டியரிங் பாக்ஸ் வச்சு டிராக் லிங்க் கம்பி வலது சக்கரத்துக்குப் போற அமைப்புன்னா, குறுக்குப் பட்டை ஸ்பிரிங் ஷாக்கிள் மேல ஆக்ஸில் பக்கவாட்டுல நகரும். நகர நகர ஸ்டியரிங்கும் திரும்பும். ஆக்ஸில் பக்கவாட்டுல நகராமப் பிடிக்கிற பான்ஹார்டு பார் போடுங்க. டிராக் லிங்குக்கு இணையா, முடிஞ்சவரை அதே நீளத்துல. ரெண்டும் வேற வேற கோணத்துல இருந்தா புதுசா இன்னொரு உதறல் வரும்.

இதெல்லாம் சரியாகிறவரைக்கும் வண்டியை வேகமா எடுக்காதீங்க.

#10 பச்சை வயர்

வயரிங் பற்றி யாரும் பேசவில்லை, எப்போதும் போல.

ஃபைபர்கிளாஸ் பாடியில் எர்த் கிடையாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், மீட்டருக்கும் தனி எர்த் வயர் இழுத்து, ஃப்ரேமில் பெயின்ட் சுரண்டிய ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் அது பின்விளக்கின் எர்த், வேறெதுவுமில்லை.

எஞ்சினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் தடித்த எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, மின்சாரம் ரப்பர் வழியாகப் போகாது. பட்டையை மறந்துவிட்டு ஸ்டார்டரைத் தட்டினால் ஆக்சிலரேட்டர் கேபிள் சிவக்கச் சூடாகும், அவ்வளவு ஆம்பியரும் அது வழியாகத்தான் வீடு திரும்பப் பார்க்கும். ஸ்டார்டர் சுற்றும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்பு சரியில்லை.

எச்இஐ (பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக்) டிஸ்ட்ரிபியூட்டருக்கு முழு 12 வோல்ட் நேராக, 12 கேஜ் வயரில். பழைய பாயின்ட் சிஸ்டத்தின் ரெசிஸ்டன்ஸ் வயரைக் கொடுத்தால் ஐடிலில் ஓடும், வேகம் எடுத்தால் விக்கும். பிள்ளைகள் ஒரு வாரம் கார்பரேட்டரைக் குடைந்துகொண்டிருப்பார்கள். மின்சாரப் பெட்ரோல் பம்ப்பை ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக இணையுங்கள், எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கணும். அழுத்தம் 6 பிஎஸ்ஐ அளவில், கார்பரேட்டர் கம்பெனி சொல்வதைத் தாண்டாமல்.

கிரிம்ப் செய்த (வயரில் நசுக்கிப் பொருத்திய) ஒவ்வொரு டெர்மினலையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்றால் நல்லது, இப்போதே கழன்றது.

#11 பட்டறை வாத்தி

பிரேக்கையும் எழுதிவிடுகிறேன். பவர் இல்லாத பிரேக்குக்குப் பெடல் விகிதம் 6:1. மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், காலிப்பரை விடத் தாழ உட்காரும், அதனால் எண்ணெய் திரும்ப வடியும். டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ, டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தங்க வைப்பது) கட்டாயம். முதல் மிதி தரையைத் தொட்டு, இரண்டாம் மிதி உயரே நின்றால் முதலில் அந்த வால்வையும் டிரம் ஷூ அட்ஜஸ்ட்மென்டையும் பாருங்கள். காற்று எடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

குழாய் 3/16 இஞ்ச் ஸ்டீல், முனையில் இரட்டை ஃபிளேர் (விரித்து மடித்த விளிம்பு). தாமிரக் குழாய் கூடவே கூடாது. ஃபிளேர் அடிப்பது மாணவர்களுக்கு அருமையான வேலை. முதல் 10 முனையும் குப்பைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பில் பிசிறு எடுக்காமல் அடித்தால் விரிசல் விழும். நட்டைக் குழாயில் கோர்க்க மறந்து ஃபிளேர் அடித்தால் மறுபடி வெட்ட வேண்டியதுதான், இது எல்லா வகுப்பிலும் நடக்கும். எல்லாம் மாட்டியதும் பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லி, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைத் தாள் வைத்துத் துடைத்துப் பார்க்கட்டும்.

சீட் பெல்ட் ஃப்ரேமில் இறங்க வேண்டும், ஃபைபர்கிளாஸ் தரையில் அல்ல. ஃபைபர்கிளாஸில் துளை போடும்போது மேல்பூச்சு தாண்டும்வரை டிரில்லைத் தலைகீழாகச் சுற்றவிடுங்கள், ஓரம் பெயராது. தேய்க்கும்போது தூசி மாஸ்க்.

#12 ஆட்டோஷாப் உதவி

கிட் ஆர்டர் கொடுக்கப் போகிறோம். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

#13 லேக்சைடு

ஆமாம், இப்போதேதான். ஓஹாயோவில் இது சொந்தமாகக் கட்டிய வண்டிக் கணக்கில் வரும், ஸ்டேட் ஹைவே பேட்ரோல் (மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்) ஆய்வு செய்த பிறகுதான் டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம். எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி, ஃப்ரேம் எல்லாவற்றுக்கும் ரசீது கேட்பார்கள். நன்கொடையாக வந்த எஞ்சினுக்குத்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். கொடுத்தவரிடம் இப்போதே எண் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள், இரண்டு வருஷம் கழித்து அவரைத் தேட முடியாது. கிட் கடையில் தயாரிப்பாளர் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். ரசீது, சான்றிதழ் எல்லாம் ஒரே பெயரில், பள்ளி மாவட்டத்தின் பெயரில் இருக்கட்டும். ஒன்று ஆசிரியர் பெயரில், ஒன்று ஸ்பான்சர் பெயரில் என்று கலந்தால் கவுண்டரில் நிற்க வைப்பார்கள்.

கலிபோர்னியா நண்பர்கள் யாராவது படித்தால்: உங்களுக்கு விதி வேறு. எஸ்பி 100 சட்டப்படி சொந்தமாகக் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு முதல் 500-க்குத்தான் புகைச் சோதனை விதியில் விலக்கு, ஜனவரியில் முதல் வேலையாகப் போய் நிற்க வேண்டும்.

#14 மூலைமட்டம்

ஒண்ணு விட்டுப்போச்சு. ஆக்சிலரேட்டருக்கு ரிட்டர்ன் ஸ்பிரிங் ரெண்டு போடுங்க, ரெண்டும் தனித்தனித் துளையில. முதல் 50 மைல் ஓடினதும் வீல் நட்டு, 4-பார் முனை நட்டு, யூ-போல்ட், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் எல்லாத்தையும் மறுபடி டார்க் வச்சுப் பாருங்க. வி8 பித்தன் சொன்ன பெயின்ட் கோடு இதுக்கும் பொருந்தும்.